நாற்பத்து மூன்றுக்கு எட்டு

அடப்பாற்றுக் கரையில்
வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்,
கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல.
இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது,
பின்சக்கரம் சும்மா இருக்கிறது.
முதுகில் இரண்டு ஆயில் இன்ஜின், குழாய்ச் சுருள்.
அந்தப் பக்கம் நாலு நாளாய் முழுகிக்கிடக்கும்
தலைஞாயிற்றுச் சம்பா.

டார்ச்சைக் கவ்விய வாயோடு வியாகுலம் சொன்னான்:
"வலது அரைத்தண்டு போச்சுக்கா."
"மலையேறுற ஜீப்புக்குத்தான இதெல்லாம் ஒடியும்?"
குடைபிடித்து வேடிக்கை பார்த்தவர் கேட்டார்.
இங்கே மலை ஏது.
மழைக்குப் பிறகு களி இருக்கிறது.
அது காலைப் பிடித்துக்கொண்டு
பழைய பாக்கியெல்லாம் கேட்கும்.

அன்றிரவு அமிர்தகடேசனின் டிராக்டர்
இன்ஜின்களை ஏற்றிப்போனது.
வாடகையில் பாதி அவருக்கு.
முன்சக்கரம் மட்டும் இழுக்க
திருத்துறைப்பூண்டி வந்துசேர்ந்தபோது
டீக்கடைகள் திறந்துகொண்டிருந்தன.

கனத்த அச்சு ஒன்று
திருச்சிப் பழைய இரும்புக்கடையிலிருந்து
வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வந்தது.
பதினெட்டாயிரம்.
மூடியைக் கழற்றி, ஒரு பல்லில் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு
வியாகுலம் எண்ணினான். நாற்பத்தைந்து.
துடைத்துவிட்டு மறுபடி எண்ணினான். நாற்பத்தைந்து.
சின்னப் பல்சக்கரத்தில் பதினொன்று.
எங்கள் முன்னச்சுக்கோ
நாற்பத்து மூன்றுக்கு எட்டு.

"பொருத்தம் பார்க்காம முடிச்சிட்டமேக்கா.
முன்னது ஒரு வேகம் சொல்லும், பின்னது ஒண்ணு சொல்லும்.
சேத்துல வழுக்கிச் சமாளிச்சுக்கும்.
தார்ரோட்டுக்கு வந்தா நடுப்பெட்டி நொறுங்கும்."

போன வழியே அச்சு திரும்பிப் போனது.
கடைக்காரர் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்.
அடுத்ததைப் போனிலேயே எண்ணச் சொன்னோம்.
கடைப்பையன் உரக்க எண்ணினான்,
நாங்கள் ஸ்பீக்கரைச் சுற்றி நின்றோம்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
"அண்ணே, லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான்,
முதல்லேர்ந்து."

அச்சு மாறியது. யூ போல்ட் மாறியது.
ஏழு பட்டைகளும் வளைவு தொலைத்து
சப்பையாய்க் கிடந்தன. மூன்று சேர்த்தான்.
வெறும் வண்டியாக ரயில்வே கேட்டைத் தாண்டினேன்.
டிபன் டப்பா கூரையில் முட்டியது,
என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.
திரும்பி வந்து ஒரு பட்டையை உருவச் சொன்னேன்.
"சுமையில்லாம ஓட்டினா எந்த வண்டியும் உதைக்கும்,"
என்று முனகிக்கொண்டே உருவினான்.

இன்ஜின் இரண்டையும் ஏற்றிப் பார்த்தோம்.
அச்சுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவில்
அவன் சுட்டுவிரல் தாராளமாய்ப் போனது.
என் விரலையும் விட்டுப் பார்த்தேன்.
மீதி நாலாயிரத்தை அறுப்புக்குப் பிறகு
கேட்பதாய்ச் சொன்னான்.

அந்தச் சம்பா காத்திருக்கவில்லை.
கார்த்திகை அடைமழையில் வேறொரு கொல்லை,
சிங்காரவேலுவுடையது.
தண்டு ஒடிந்த அதே இடம்
அச்சு முழுக்கக் களிக்குள் இறங்கி
ஏறி வெளியே வந்தது.
நான் மூச்சுவிட மறந்திருந்தேன் என்பது
கரை முடிந்தபின்தான் தெரிந்தது.

இரண்டு இரவு, ஒரு பகல் இறைத்தோம்.
கதிர்நுனி தெரிந்ததும் இன்ஜினைத் திரும்ப ஏற்றவேண்டும்.
நாலு பேர் தூக்கினார்கள்.
எட்டவில்லை.
நாலு அங்குலம் உயர்ந்திருக்கிறது ஜீப்.
"என்னங்க, வண்டி ஒசந்து நிக்குது?"
இடுப்பில் கைவைத்தபடி சிங்காரவேலு.

பிறகு நான்
பள்ளத்துக்குப் பயந்து இவ்வளவும் செலவழித்தவள்,
வரப்போரம் டார்ச்சடித்து
நல்ல பள்ளமாய் ஒன்று தேடி
பின்சக்கரங்களை அதற்குள் இறக்கி நிறுத்தினேன்.